சூளைக்குள் போகச் சொன்ன எண்

அலுமினாவின் தன் வெப்ப ஏற்புத்திறன் எவ்வளவு என்று உங்களில் பாதிப் பேரிடமாவது வேலைத் தேர்வில் கேட்டிருப்பார்கள். நீங்களும் ஓர் எண்ணைச் சொல்லியிருப்பீர்கள். கேட்டவர் தலையை ஆட்டியிருப்பார். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதானே, புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, மனப்பாடம் செய்தால் முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி ஓர் எண்ணை நம்பி ஒருவரைச் சூளைக்குள் அனுப்பினேன். அவர் பிழைக்கவில்லை.

பாதுகாப்பு பற்றி உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தலைக்கவசம், கையுறை பற்றியெல்லாம் சுவரில் படமே ஒட்டியிருக்கிறது. நான் இந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லி முடித்ததும் உங்களில் யாருக்காவது என் மேல் கோபம் வந்தால் அது சரியான கோபம்தான்.

நான் வேலை பார்த்தது இந்த ஆலையில் அல்ல. அதுவும் மலையடிவாரத்தில்தான் இருந்தது. உலைகளுக்கு உள்சுவராக அடுக்குகிற அலுமினாத் தீச்செங்கற்களைச் சுட்டு விற்கும் ஆலை. ஏற்காட்டில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, சேலத்தில் இயற்பியல் பட்டம் வாங்கி, அங்கே ஆய்வகத்தில் சேர்ந்தேன். பதினெட்டு வருஷத்தில் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் ஆனேன். தினமும் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும் முதல் பஸ். கொட்டச்சேட்டில் சடையன் ஏறுவார்.

சடையன் எங்கள் ஆலையின் சூளைக் கொத்தனார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சொந்தமாக இரண்டு ஏக்கர் காபியும் கொஞ்சம் மிளகும் இருந்தது. காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் அவர் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும், "நீங்க காலை நீட்டி உக்காருங்க சார்" என்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். கூரை வளைவு கட்டுவதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. கல்லுக்குக் கல் சாந்து காகிதத் தடிமன்கூட இருக்காது.

அந்த வருஷம் மழை முடிகிற சமயம். இரண்டாம் நம்பர் சூளையில் சரக்கு சுட்டு, சூளை ஆறும் முன்பே வண்டியோடு வெளியே இழுத்த பிறகு வாசலிலிருந்து பார்த்தால், உள்ளே கூரை வளைவில் நாலைந்து கற்கள் நழுவித் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த சுடுதலுக்கு முன்னால் அதைக் கட்டியே ஆக வேண்டும். அதற்கு ஆள் உள்ளே போக வேண்டும். சூளை ஆறுவதற்கு நாங்கள் வழக்கமாக நாலு நாள் விடுவோம். ஒரு பக்கம் பெரிய காற்றாடிகளை வைத்து ஊதிவிட்டு, நாலாம் நாள் காலையில் திறப்போம்.

மேனேஜர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் கல்லுக்காக ஓர் உருக்காலை தன் உலையை நிறுத்தி வைத்துக் காத்திருந்தது.

"நாலு நாள்னு யார் சொன்னது? எங்காவது எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். பழக்கம்தான்."

"பழக்கம் இருக்கட்டும். நீங்க இயற்பியல் படிச்சவர்தானே. கணக்குப் போட்டுச் சொல்லுங்க. எத்தனை மணி நேரத்துல ஆள் உள்ள போகலாம்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அத்தனை வருஷத்தில் என் படிப்பைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அரை மணி நேரத்தில் கணக்கைப் போட்டேன். சுவரிலும் கூரையிலும் இருக்கும் கல்லின் எடை தெரியும். எத்தனை டிகிரியிலிருந்து எத்தனைக்கு இறங்க வேண்டும் என்பது தெரியும். தன் வெப்ப ஏற்புத்திறனுக்குச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். மூன்றையும் பெருக்கினால் கல்லுக்குள் இருக்கிற மொத்த வெப்பம். காற்றாடி ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளுகிற வெப்பத்தால் அதை வகுத்தேன். ஐம்பத்திரண்டு மணி நேரம் வந்தது.

மேனேஜர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்ங்கறது" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு மணி நேரம் முடிந்தபோது காலை பதினொன்று. சூளைக்குள் தொங்கவிட்டிருந்த வெப்பமானி நாற்பத்து நாலு காட்டியது. சேலத்து வெயிலுக்குப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கணக்கும் கருவியும் ஒத்துப்போகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆள் உள்ளே போக நான் கையெழுத்திட வேண்டிய பர்மிட் சீட்டை எடுத்தேன்.

சடையன் ஒரு சொம்புத் தண்ணீரோடு சூளை வாசலுக்குள் நாலடி போய், சுவரில் ஊற்றினார். நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். பக்கத்தில் அவருடைய கையாள் பழனி இருந்தார், மஞ்சக்குட்டைக்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க சார், தண்ணி காயற வேகம் சரியில்லைங்க. மேல ஆறிப்போச்சு, உள்ள சூடு நொம்ப இருக்குதுங்க."

"நாற்பத்து நாலுதான் காட்டுது சடையன். நீங்களே பாருங்க."

"அது காத்தோட சூடுங்க. கல்லோடது இல்லீங்களே."

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. என் கருவி காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது. கல்லுக்குள் ஓரடி ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அளக்க எங்களிடம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் என் கணக்கு இருந்தது.

"அதுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கேன். உள்ள இருக்கற சூட்டையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்" என்றேன்.

"நாளைக்குக் காத்தால போலாமுங்களா? ஒரு நாள்தானுங்களே."

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவரும் சடையனை அதட்டவில்லை, மிரட்டவில்லை. நான் சீட்டில் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தார். "சரிங்க, நீங்க சொன்னாச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பழனியும் போனார்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவர் தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் படிப்பை நம்பினார். எதிரே நிற்பவர் அப்படி விட்டுக்கொடுக்கும்போது நமக்குப் பெருமையாக இருக்கும். பயம்தான் வர வேண்டும்.

மதியம் இரண்டு மணி சுமாருக்கு மின்சாரம் போனது. ஆய்வகத்தில் இருந்தேன். விளக்கு அணைந்ததைவிட, காற்றாடி இரைச்சல் நின்றதுதான் முதலில் உறைத்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஆனால் சூளைக் காற்றாடிகளுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லை. சூளை ஆறுகிற நாலு நாளில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். உள்ளே ஆள் இல்லாதவரை அது சரியான முடிவுதான்.

நான் ஓடினேன். சூளை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. காற்று ஊதிக்கொண்டிருந்தவரை கல்லின் முகம் மட்டும் ஆறியிருந்தது. ஊதுவது நின்றதும் உள்ளே இருந்த சூடு வெளியே வந்து காற்றைக் காய்ச்சத் தொடங்கிவிட்டது. சூடான காற்று மேலேதான் போகும். சடையன் மேலேதான் இருந்தார், சூளையின் கடைக்கோடியில், சாரத்தின் மேல், கூரைக்கு ஓரடி கீழே.

பழனி தவழ்ந்து வந்தார். இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தது. "அண்ணன் வரல... அண்ணன் எறங்கறப்ப விழுந்துட்டாருங்க" என்றார். இரண்டு பேர் உள்ளே போகப் பார்த்தார்கள். பாதி தூரம்கூடப் போக முடியாமல் இருமிக்கொண்டு திரும்பினார்கள். வழியில் சாரத்துக் கட்டையும் அடுக்கின கல்லும் கிடந்தன.

யாரோ தீயணைப்புக் குழாயை இழுத்து வந்துவிட்டார்கள். "தண்ணி அடிங்க! அடிங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். மேனேஜரும் கத்தினார். நான் குழாயின் முன்னால் போய் நின்றேன்.

"அடிக்காதீங்க! அவ்வளவும் ஆவியாகும். ஆளை அவிச்சுடும்!"

"அப்ப பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

காலையில் வாயைத் திறந்து ஒருவரைச் சாவுக்கு அனுப்பியவன், மறுபடியும் ஓர் உத்தரவு போடுகிறான். எந்த முகத்தோடு என்று அவர்கள் நினைத்திருந்தால் தப்பே இல்லை. ஆனால் யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பின்வாசலைக் கல் அடுக்கி அடைத்து வைத்திருந்தோம். "கடப்பாறை எடுத்துட்டுப் பின்னால வாங்க. அதை இடிச்சா காத்து குறுக்கே போகும். ஆளும் அங்கதான் கிடக்கறாரு" என்றேன். நல்லவேளையாக யாரோ ஓடினார்கள், பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

இடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு நிமிடம் என்று விசாரணையில் சொன்னார்கள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் நுழைந்து அவரை இழுத்து வந்தார்கள். உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை. தோல் நெருப்பாகக் கொதித்தது, வியர்வையே இல்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக என்ன பேசினார் என்று பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். ஒன்றும் பேசவில்லை. ஜீப்பில் என் மடியில் தலை வைத்துத்தான் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போனேன். என் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: இருபத்தைந்து டிகிரியில். அந்த எண் அறை வெப்பத்துக்கான எண். சூளைக் கல் ஆயிரத்து இருநூறு டிகிரியிலிருந்து இறங்கி வருகிறது.

இதை உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் நீங்கள் நாளைக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள். திடப்பொருளுக்குள் போகிற வெப்பம் அணுக்களின் அதிர்வாக அங்கே தங்குகிறது. ஈயம் மாதிரிப் பொருளில் அணு கனமானது, பிணைப்பு தளர்வானது. அறை வெப்பத்திலேயே அதன் அதிர்வுகள் எல்லாம் முழு அளவில் நடந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் சூடாக்கினாலும் அதன் ஏற்புத்திறன் அதிகம் மாறாது. ஈயத்துக்கு நான் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பெரிய பிழை வந்திருக்காது. நம் கல் அப்படியல்ல. அலுமினாவில் அணுக்கள் லேசானவை, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை. அறை வெப்பத்தில் அவற்றின் அதிர்வுகளில் ஒரு பகுதி இன்னும் தொடங்கியே இருக்காது. சூடு ஏற ஏறத்தான் அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும், ஏற்புத்திறனும் கூடிக்கொண்டே போகும். ஆயிரம் டிகிரியை ஒட்டி அது அட்டவணை எண்ணைப்போல ஒன்றரை மடங்குக்கு வந்துவிடுகிறது. ஒரு டிகிரி இறங்குவதற்கு, நான் நினைத்ததைவிட அவ்வளவு அதிக வெப்பத்தைக் கல் வெளியே விட வேண்டும். ஐம்பத்திரண்டு மணி நேரத்தில் காற்றாடி தள்ளியது போக, மிச்சம் எல்லாம் சுவருக்குள்ளேயே இருந்தது.

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அதுதான் கொடுமை. பட்டப் படிப்பின் கடைசித் தேர்வில் வந்த கேள்வி அது. மேலே ஏறிப் போய்த் தட்டையாகும் அந்த வளைகோட்டை அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். தேர்வுத் தாளில் இருந்தது சூளை வாசலுக்கு வரவில்லை. ஒருவர் காத்துக்கொண்டு நிற்கும்போது, சுவரில் கையெட்டும் தூரத்தில் ஓர் எண் இருந்தால், அது எந்த நிலைமைக்கான எண் என்று மனம் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் ஆலையின் விசாரணை அறிக்கை வந்தது. தொழிலாளி சடையன் காற்றாடிகள் நின்றவுடன் வெளியேறாமல், அறிவுறுத்தலை மீறிச் சாரத்தின் மேல் இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஓர் அறிவுறுத்தலை யாரும் கொடுக்கவில்லை. கணக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கீழே ஆய்வகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் தட்டச்சாகியிருந்தது.

"இதுல உங்களுக்கும் நல்லதுதான்" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல்.

கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். பயம். வேறு காரணம் சொல்லி அதை அழகுபடுத்த எனக்கு விருப்பம் இல்லை.

கருமாதிக்குக் கொட்டச்சேடு போனேன். மலையில் அன்று காலையிலிருந்தே தூறல். காபிக் காட்டுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் அவருடைய வீடு. வாசலில் தார்ப்பாய் கட்டி ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சடங்கு முடிந்த பிறகு அவர் மனைவி காவேரி நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், அவரு சொன்ன பேச்சுக் கேக்காம மேல இருந்தாருன்னு எழுதியிருக்குதுங்களாம். நெசமுங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழனியப் போயி ஆஸ்பத்திரில பாத்தனுங்க. அவரு இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் போலாம்னு சொன்னாருன்னு பழனி சொல்றாப்ல. எது நெசமுங்க?"

"பழனி சொல்றதுதாங்க நெசம்" என்றேன். "என் கணக்குத் தப்புங்க. அவரு தடுத்தாரு. நான்தான் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

நான் எதிர்பார்த்தது அழுகை அல்லது அடி. காவேரி இரண்டும் செய்யவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப அத எழுதிக் குடுங்க."

எழுதினேன். என்ன எண்ணை எடுத்தேன், எது சரியான எண், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், மூன்றாம் நாள் எதில் கையெழுத்துப் போட்டேன், எல்லாம். எழுதி முடித்ததும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே படிங்க. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி."

எழுந்து நின்று படித்தேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "அப்ப நம்ம சடையன் மேல குத்தமில்லை" என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

துக்க வீட்டிலிருந்து போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்தேன். வாசல் தாண்டும்போது காவேரி பின்னாலேயே வந்தார்.

"இனிமேட்டு இங்க வராதீங்க சார். உங்களப் பாத்தா அவரு உள்ள போனதுதான் நெனப்பு வருமுங்க."

நான் அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்தத் தாளைக் காவேரி தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுபடியும் விசாரணை நடந்தது. அறிக்கையில் சடையன் பெயரில் இருந்த குற்றம் நீக்கப்பட்டது. மேனேஜர் வேறு ஊருக்குப் போனார். என்னை ஆய்வகத்திலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அது தண்டனை என்று நான் நினைக்கவில்லை, சின்னதாகத்தான் பட்டது. பழனியின் கை முழுதாகச் சரியாகவில்லை. இப்போது மஞ்சக்குட்டையில் ஜீப்புக்கு ஆள் ஏற்றி அனுப்புகிறார். என்னைப் பார்த்தால் பேசுவார். பேசும்போது கைகளைப் பின்னால் வைத்துக்கொள்வார்.

உண்மையை எழுதிக் கொடுத்தவர் என்று சொல்லி என்னை இங்கே அறிமுகம் செய்தார்கள். கேட்கும்போது கூசியது. ஒரு பெண் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததால் எழுதினேன். அவர் வைக்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கண்ணுகளா, நாளைக்கு உங்கள் மேசைக்கும் ஒருவர் வந்து எத்தனை மணி நேரம் என்று கேட்பார். கணக்குப் போடுங்கள். எந்த எண்ணை எடுத்தாலும் அது எந்தச் சூட்டில், எந்தப் பொருளுக்கு அளந்த எண் என்று கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள். பிறகு சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வெளியே போங்கள். உள்ளே போகப் போகிறவரைத் தேடிப் பிடித்து, "இப்ப உள்ள போவீங்களா?" என்று கேளுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினாலும் போதும், அன்றைக்குப் பேனாவைத் திறக்காதீர்கள்.